கணக்கில் நீதி: வடிவியலையும் புள்ளியியலையும் படிப்படியாகச் செய்தல்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாக வைத்துப் பேசினார் வள்ளுவர். ஆயின் நம் மாணவருள் பலர் ஒரு கண்ணை மூடிக்கொண்டே மறு கண்ணால் உலகைக் காண முற்படுகின்றனர். தமிழ் பயில்வோர் கணக்கைக் கண்டு அஞ்சுகின்றனர். கணக்குப் பயில்வோர் தமிழை மதிப்பெண்ணுக்குரிய ஒரு பாடம் என்ற அளவிலேயே நிறுத்திவிடுகின்றனர். தமிழ்த்துறை மலரில் கணக்குக்கு என்ன இடம் என வினவுவோர்க்கு விடை இதுவே: பள்ளிக் கணக்கு ஒவ்வொன்றும் முதலில் ஒரு தமிழ் வாக்கியமாகவே மாணவன் முன் வந்து நிற்கிறது. அதனைப் பிழையற வாசித்தவனே பிழையறச் செய்ய இயலும்.

அணையின் நீர்மட்டம் 6 அடி குறைந்தது என்பதும், 6 அடியாகக் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. 'ஆக' என்னும் ஓர் ஒட்டு, கழிக்க வேண்டிய எண்ணை முடிவான விடையாக மாற்றிவிடுகிறது. கணக்கில் தோற்கும் மாணவன் பலவேளைகளில் பெருக்கலிலோ வகுத்தலிலோ தோற்பதில்லை. இத்தகைய ஒட்டுகளில்தான் இடறி விழுகிறான். விடையைவிட விடைக்கு வந்த வழியே முதன்மையானது. வழியைப் படிப்படியாக எழுதிக் காட்டுவதே பிறர்க்கும் நமக்கும் நீதி செய்வதாகும். இக்கருத்தைக் கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்தையும் நீரையும் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

படிமுறை தந்த பேரறிஞர்

கணிப்பொறித் துறையில் இன்று எங்கும் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லைத் தமிழில் படிமுறை என்கிறோம். அச்சொல் ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது. கலீபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி அவர்களே அவ்வறிஞர். 'அல்ஜீப்ரா' என்னும் சொல்லும் அவர் இயற்றிய நூலின் பெயரில் இடம்பெற்ற 'அல்-ஜப்ர்' என்பதன் திரிபேயாகும்.

அந்நூலில் இன்று நாம் எழுதும் குறியீடுகள் எவையும் இல்லை. எண்களைக்கூட அவர் சொற்களாலேயே எழுதினார். கணக்கு என்பது மொழியே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அவர் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற கணக்கு ஒன்றைக் காண்போம். ஓர் எண்ணின் வர்க்கமும் அவ்வெண்ணின் பத்து மடங்கும் சேர்ந்தால் 39, அவ்வெண் யாது?

முதலில் அறியாத அவ்வெண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைக. பத்து மடங்கு என்பதை இரண்டாகப் பிரித்து, ஐந்து அலகு அகலமுள்ள இரு செவ்வகங்களாக அச்சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுக. இப்போது உருவத்தின் மொத்தப் பரப்பு 39. ஒரு மூலை மட்டும் வெற்றிடமாக நிற்கிறது. அது ஐந்துக்கு ஐந்தான சதுரம், பரப்பு 25. அதனையும் நிரப்பினால் 39 + 25 = 64. பரப்பு 64 உடைய சதுரத்தின் பக்கம் 8. அதில் ஒட்டிய 5-ஐக் கழித்தால் 3. சரிபார்ப்போம்: 3-இன் வர்க்கம் 9, பத்து மடங்கு 30, கூட்டினால் 39. விதியை மனனம் செய்தவன் மறந்தால் திகைப்பான். படம் வரைந்தவன் மறந்தாலும் மீண்டும் வரைந்து விடை காண்பான்.

ஐந்து படிகள்

ஜார்ஜ் போல்யா என்னும் கணித மேதை 1945-இல் வெளியிட்ட நூலில், வினாவைப் புரிந்துகொள்ளல், வழி வகுத்தல், செயற்படுத்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு நிலைகளைக் கூறினார். நம் வகுப்பறைக்கு ஏற்ப அவற்றை ஐந்தாக விரித்துக் கொள்ளலாம்.

ஒன்று: வினாவை இருமுறை வாசித்து, தரப்பட்டவை எவை, காண வேண்டியது எது எனத் தனித்தனியே எழுதுதல்.

இரண்டு: படமோ அட்டவணையோ வரைதல்.

மூன்று: எத்தேற்றம் அல்லது எச்சூத்திரம் பொருந்தும், ஏன் பொருந்தும் என ஒரு வரியில் குறித்தல்.

நான்கு: அலகை விடாது கணக்கிடுதல்.

ஐந்து: விடையை வினாவிற்குள் மீண்டும் வைத்துச் சரிபார்த்தல்.

இவ்வைந்தனுள் நம் மாணவர் பெரிதும் விட்டுவிடுவன மூன்றாவதும் ஐந்தாவதுமே. அவ்விரண்டும் இல்லாத கணக்கு, சாட்சிக் கையொப்பம் இல்லாத பத்திரம் போன்றது.

முதற்கணக்கு: நிலமும் பங்கும்

திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் வாரிசுரிமையை வகுக்கும்போது 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 என்னும் ஆறு பின்னங்களைக் கூறுகிறது. அல்-குவாரிஸ்மியின் நூலிலும் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. மார்க்கக் கடமையை நிறைவேற்றக் கணிதம் தேவைப்பட்டது; அத்தேவை கணிதத்தையும் வளர்த்தது. நம் ஊர்ச் சூழலுக்கேற்ப ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக் கொள்வோம்.

கணக்கு: ஒருவர் ஒரு நாற்கர நிலத்தை விட்டு இறந்தார். அவருக்கு மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் உள்ளனர்; பெற்றோர் உயிருடன் இல்லை. அடக்கச் செலவும் கடனும் தீர்க்கப்பட்டன. மரண சாசனம் ஏதுமில்லை. நிலத்தின் மூலைகள் க, ச, ட, த. மூலைவிட்டம் கட 264 அடி. அதன் ஒருபுறம் உள்ள ச-விலிருந்து மூலைவிட்டத்திற்கு இறக்கிய செங்குத்து 144 அடி. மறுபுறம் உள்ள த-விலிருந்து இறக்கிய செங்குத்து 120 அடி. ஒவ்வொருவர் பங்கும் யாது? நிலத்தில் அதனை எவ்வாறு அளந்து பிரிப்பது?

முதற்படி, பரப்பு. மூலைவிட்டம் நாற்கரத்தை இரு முக்கோணங்களாக்குகிறது. முக்கோணத்தின் பரப்பு அடிப்பக்கத்தையும் குத்துயரத்தையும் பெருக்கிப் பாதியாக்கியது. ஆகவே ச-பக்க முக்கோணம் 1/2 × 264 × 144 = 19,008 சதுர அடி. த-பக்க முக்கோணம் 1/2 × 264 × 120 = 15,840 சதுர அடி. மொத்தம் 34,848 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி ஆதலின், நிலம் 80 சென்ட். நில அளவையர் புலப்படம் வரையும்போது வயலை முக்கோணங்களாக்கிச் செங்குத்துகளை அளப்பது இக்காரணம் பற்றியே. பக்கங்கள் நான்கை மட்டும் அளந்தால் நாற்கரத்தின் பரப்பு உறுதிப்படாது. அதே நான்கு பக்கங்களைக் கொண்டு பல வடிவ நாற்கரங்களை அமைக்கலாம்.

இரண்டாம் படி, பங்கு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8. அதாவது 10 சென்ட். மீதம் 70 சென்ட். மகனுக்கு இரு பங்கு, மகள் ஒருவர்க்கு ஒரு பங்கு என்ற முறையில் மொத்தம் நான்கு பங்குகள். ஒரு பங்கு 17.5 சென்ட். எனவே மகனுக்கு 35, மகள்களுக்குத் தலைக்கு 17.5. சரிபார்த்தல்: 10 + 35 + 17.5 + 17.5 = 80. மாணவர் இங்கு செய்யும் பிழை, நாலில் ஒரு பங்கை மீதத்தில் காணாமல் முழு நிலத்தில் காண்பது. அவ்வாறு செய்தால் பிள்ளைகளுக்கே 80 சென்டும் தீர்ந்து, தாய்க்கு நிலமே இராது. 'மீதம்' என்னும் ஒரு சொல்லை வாசிக்காததன் விளைவு இது.

மூன்றாம் படி, நிலத்தில் பிரித்தல். ஒரே உச்சியும் ஒரே கோட்டில் அமைந்த அடிப்பக்கங்களும் உடைய முக்கோணங்களுக்குக் குத்துயரம் ஒன்றே; ஆதலால் பரப்புகளின் விகிதம் அடிப்பக்கங்களின் விகிதமாகும். இவ்வொரு தேற்றம் போதும்.

தாய்க்கு வேண்டியது 10 சென்ட், அதாவது 4,356 சதுர அடி. ச-பக்கத்தில் குத்துயரத்தின் பாதி 72; 4,356 ÷ 72 = 60.5. மூலைவிட்டத்தில் க-விலிருந்து 60.5 அடி அளந்து, அப்புள்ளியை ச-வுடன் இணைத்தால் தாயின் பங்கு அமையும். மூத்த மகளுக்கு 7,623 சதுர அடி; 7,623 ÷ 72 = 105.875. முன் புள்ளியிலிருந்து மேலும் 105.875 அடி அளந்து, அப்புள்ளியையும் ச-வுடன் இணைக்க. இளைய மகளுக்கு த-பக்கத்தில் கொடுப்போம். அங்குக் குத்துயரத்தின் பாதி 60; 7,623 ÷ 60 = 127.05. க-விலிருந்து 127.05 அடி அளந்து த-வுடன் இணைக்க. எஞ்சியது மகனுடையது.

நான்காம் படி, சரிபார்த்தல். ச-பக்கத்தில் மூலைவிட்டத்தில் எஞ்சியது 264 - 166.375 = 97.625 அடி, பரப்பு 97.625 × 72 = 7,029 சதுர அடி. த-பக்கத்தில் எஞ்சியது 136.95 அடி, பரப்பு 136.95 × 60 = 8,217 சதுர அடி. கூட்டினால் 15,246 சதுர அடி, 435.6-ஆல் வகுத்தால் சரியாக 35 சென்ட். இரு துண்டுகளும் ட என்னும் மூலையில் மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒட்டியே இருப்பதால் மகனுக்கும் நிலம் சிதறவில்லை.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பரப்பு சமமானால் மதிப்பும் சமமாகிவிடாது. பாதையும் வாய்க்கால் மடையும் எப்பக்கம் உள்ளன என்பதை வீட்டார் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும். மார்க்கச் சட்டத்திற்கு ஆலிமையும் எல்லைக் கல்லுக்கு நில அளவையரையும் நாடுவதே முறை. ஆயினும் கணக்கறிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருப்பதன் பயன் பெரிது. நகை போட்டுத் திருமணம் முடித்தாயிற்று, இனி நிலத்தில் உனக்கென்ன என்று கூறி மகளிடம் விடுதலைக் கையொப்பம் பெறுவது நம்மிடையே அரிதான செய்தியன்று. அந்த 17.5 சென்ட் எவர் கருணையாலும் வருவதன்று. இறைவன் வகுத்த பின்னத்தால் வருவது. அதனைத் தாளில் படிப்படியாக எழுதி எல்லார் முன்னிலையிலும் வைத்துவிட்டால், இல்லை என்று மறுப்பது எளிதாக இராது.

இரண்டாம் கணக்கு: விதியும் நிறுவலும்

வடிவியலில் தேற்றத்தை ஏன் நிறுவ வேண்டும், விதியைப் பயன்படுத்தினால் போதாதா என மாணவர் கேட்பதுண்டு. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இன்றிக் காணப் பழந்தமிழ் விதி என ஒன்று கூறப்படுகிறது. பெரிய பக்கத்தை எட்டாகப் பகுத்து ஒரு கூற்றைக் கழித்து, சிறிய பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் கிடைக்கும் என்பது அது.

சோதிப்போம். பக்கங்கள் 4, 3 எனில் 3.5 + 1.5 = 5; சரி. பக்கங்கள் 12, 5 எனில் 10.5 + 2.5 = 13; சரி. இரு சான்றுகள் கிடைத்தன என்று நின்றுவிட்டால் நாம் ஏமாறுவோம். பக்கங்கள் 240 அடி, 70 அடி உள்ள செவ்வக வயலை எடுத்துக்கொள்க. விதிப்படி மூலைவிட்டம் 210 + 35 = 245 அடி. உண்மையில் 240-இன் வர்க்கம் 57,600, 70-இன் வர்க்கம் 4,900, கூடுதல் 62,500, அதன் வர்க்கமூலம் 250 அடி. ஐந்து அடி தவறிவிட்டது. விரைந்து மதிப்பிட அவ்விதி உதவும். எல்லைக் கல் நட உதவாது.

பிதாகரஸ் தேற்றம் எக்காலும் தவறாது என்பதை நாம் எவ்வாறு அறிவோம்? நிறுவலால் அறிவோம். கசட என்னும் முக்கோணத்தில் க செங்கோணம் ஆகுக. க-விலிருந்து கர்ணம் சட-வுக்குச் செங்குத்து இறக்க; அடி த. பெரிய முக்கோணமும் சதக என்னும் சிறு முக்கோணமும் ஒரு செங்கோணத்தையும் ச-விலுள்ள கோணத்தையும் பொதுவாகக் கொண்டவை, ஆதலால் வடிவொத்தவை. எனவே கச-வின் வர்க்கம் = சட × சத. இவ்வாறே மறுபுறம், கட-வின் வர்க்கம் = சட × தட. இரண்டையும் கூட்டினால் சட × (சத + தட) = சட × சட. நிறுவல் முடிந்தது. கொத்தனார் மூன்று, நான்கு, ஐந்து அடி அளந்து மூலைமட்டம் பார்ப்பதும் இத்தேற்றத்தின் மறுதலையை நம்பியே. நூறு சான்று தராத உறுதியை ஒரு நிறுவல் தருகிறது.

மூன்றாம் கணக்கு: நீரும் சராசரியும்

பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் நிறைவெய்தியது. மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அவ்வணையால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறுகிறது. முதல் போகத்திற்கு விநாடிக்கு 200 கன அடி வீதம் 120 நாள் நீர் திறப்பது என்பது அரசு அறிவிப்புகளில் நாம் பலமுறை வாசித்த அளவு. குடிநீருக்குரிய 100 கன அடி தனி. அந்தப் பாசன நீர் நிலம் முழுவதும் சமமாகப் பரவினால் எத்தனை அடி நிற்கும்?

ஒரு நாளுக்கு 24 × 60 × 60 = 86,400 விநாடி. ஒரு நாள் நீர் 200 × 86,400 = 1,72,80,000 கன அடி. 120 நாளுக்கு 207 கோடியே 36 இலட்சம் கன அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 14,707 ஏக்கர் 64,06,36,920 சதுர அடி. கன அளவைப் பரப்பால் வகுத்தால் உயரம் கிடைக்கும்: ஏறத்தாழ 3.24 அடி, அதாவது 39 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. சரிபார்க்க முழு எண்களைக் கொள்க: 200 கோடியை 64 கோடியால் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். விடை 32 என்றோ 0.3 என்றோ வந்திருந்தால் புள்ளி இடம் மாறியதை இச்சிறு மதிப்பீடே காட்டிக் கொடுத்திருக்கும்.

இந்த 3.24 அடி ஒரு சராசரி. வாய்க்காலில் கசிவதும் வெயிலில் ஆவியாவதும் இதில் கழியும். மழை இதனோடு கூடும். இங்கேதான் புள்ளியியல் தன் முதற்பாடத்தைக் கற்பிக்கிறது: சராசரி உண்மை சொல்லும், ஆனால் முழு உண்மையையும் சொல்லாது.

தலைமடையில் ஒரு வயல், கடைமடையில் ஒரு வயல் எனக் கற்பனை செய்வோம். ஐந்து நாள்களில் வயலில் நின்ற நீரின் உயரம் சென்டிமீட்டரில் வருமாறு: தலைமடை 4, 4, 5, 6, 6. கடைமடை 1, 3, 5, 7, 9. இரண்டின் கூடுதலும் 25. கூட்டுச் சராசரி 5. இடைநிலை அளவும் 5. இவ்விரு எண்களை மட்டும் பார்க்கும் அதிகாரி இரு விவசாயிகளும் சமமாக நீர் பெற்றதாக எழுதிவிடுவார்.

திட்ட விலக்கம் காண்போம். முதற்படி, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்தல். தலைமடை விலக்கங்கள் -1, -1, 0, 1, 1. கடைமடை விலக்கங்கள் -4, -2, 0, 2, 4. இவற்றை அப்படியே கூட்டினால் இரண்டிலும் பூச்சியமே வரும்; எப்போதும் அவ்வாறே வரும். ஆகவே விலக்கங்களின் கூடுதல் பூச்சியம் ஆகாவிடில் சராசரியில் பிழை உண்டு என உணர்ந்து அங்கேயே திருத்திக்கொள்க. இரண்டாம் படி, வர்க்கமாக்கிக் கூட்டல்: தலைமடை 1 + 1 + 0 + 1 + 1 = 4; கடைமடை 16 + 4 + 0 + 4 + 16 = 40. மூன்றாம் படி, எண்ணிக்கையால் வகுத்தல்: 0.8, 8. இவை விலக்க வர்க்கச் சராசரிகள். நான்காம் படி, வர்க்கமூலம்: தலைமடை 0.89 சென்டிமீட்டர், கடைமடை 2.83 சென்டிமீட்டர். இறுதியாக, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு: தலைமடை 17.9 விழுக்காடு, கடைமடை 56.6 விழுக்காடு.

மாணவர் பலர் மூன்றாம் படியோடு நின்று, 8 என்பதையே திட்ட விலக்கமாக எழுதிவிடுவர். அலகை எழுதும் பழக்கம் இருந்தால் இப்பிழை நேராது; 8 என்பது சதுர சென்டிமீட்டர், நீரின் உயரமோ சென்டிமீட்டர். மேலும், விடை எழுதியதோடு பணி முடியவில்லை. கடைமடையில் நீர் ஒருநாள் வற்றி ஒருநாள் மிகுகிறது. சராசரி ஒன்றாயினும் பயிரின் நிலை ஒன்றன்று என ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அவ்வாக்கியத்தை எழுதத் தமிழ் வேண்டும்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! நிலக் கணக்கில் 'மீதம்' என்ற சொல்லை விட்டால் ஒரு தாய் பங்கிழப்பாள். எல்லைக் கணக்கில் நிறுவாத விதியை நம்பினால் அண்டை வீட்டாரோடு பகை மூளும். நீர்க் கணக்கில் சராசரியோடு நின்றால் கடைமடை விவசாயியின் குறை அரங்கேறாது. அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை இறைமறை கடுமையாக எச்சரிக்கிறது. வேண்டுமென்று குறைப்பது மட்டுமே மோசம் என எண்ணற்க. அறிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் அறியாமல் தவறாகப் பங்கிடுவதும் பொறுப்பற்ற செயலே.

தேர்வுத் தாளில் படிகளை எழுதினால், இறுதி விடை தவறினும் அப்படிகளுக்குரிய மதிப்பெண் கிடைக்கும். அது சிறு பயன். பெரும் பயன் பின்னர் வரும். என்றேனும் ஒருநாள் உங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கூடி, பத்திரத்தை விரித்து வைத்து, இதைக் கொஞ்சம் கணக்குப் பார்த்துச் சொல் என்று உங்களை அழைப்பார்கள். அன்று விடையை மட்டும் சொல்லாதீர்கள். தாளும் கோலும் எடுத்து, தரப்பட்டவை எவை என்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியையும் எல்லார்க்கும் விளங்கும் தமிழில் எழுதிக் காட்டுங்கள்.